கடற்கரையா, கல்தேரா? ஒரு ஐ.வி. சண்டையும் அதுக்குள்ள இருந்த கணக்கும்

போன வருஷம் ஆறாவது செமஸ்டர் ஆரம்பிச்ச ரெண்டாவது வாரம். கடைசி பீரியட் சார் வரலை. வகுப்புப் பிரதிநிதி போர்டுல மூணு ஊர் பேரை எழுதினான்: கோவா, ஹம்பி, கொடைக்கானல். ஐ.வி. எப்படி நடக்கும்னு உங்களுக்கே தெரியும். பேரு இண்டஸ்ட்ரியல் விசிட். ஒரு நாள் காலையில ஏதாவது ஒரு ஆலைக்குள்ள தொப்பி போட்டுக்கிட்டு ஒரு சுத்து, மீதி மூணு நாள் ஊர் சுத்தறது.

கை தூக்கச் சொன்னான். கோவாவுக்கு 19, ஹம்பிக்கு 16, கொடைக்கானலுக்கு 10. மொத்தம் நாலு நிமிஷம். "கோவா கன்ஃபார்ம்"னு போர்டுல பெருசா எழுதிட்டு எல்லாரும் பஸ் பிடிக்க ஓடிட்டோம்.

சண்டை அதுக்கப்புறம் மூணு வாரம் நடந்தது. வாட்ஸ்அப் குரூப் ரெண்டா உடைஞ்சுது. "நாலாயிரம் ரூபாய் குடுத்து மணல்ல படுக்கறதுக்கு மெரினா போதாதா?"ன்னு ஒரு கோஷ்டி. "செமஸ்டர் முழுக்க நடந்தது பத்தாதா, அங்கேயும் வெயில்ல கல்லு கல்லா நடக்கணுமா?"ன்னு இன்னொரு கோஷ்டி. நான் ஹம்பி கோஷ்டி. கொடைக்கானலுக்குக் கை தூக்கின பத்து பேரை ரெண்டு கோஷ்டியுமே சேர்ந்து கலாய்ச்சோம், "ஸ்கூல் டூர் பார்ட்டி"ன்னு. அதைப் பத்திக் கடைசியில சொல்றேன்.

இந்தக் கட்டுரை இந்த வருஷம் ஐ.வி. போகப்போற மூன்றாம் ஆண்டு ஜூனியர்களுக்கு. நாங்கள் கை தூக்கி முடிவெடுத்த விஷயத்துக்குப் பின்னால் நம்ம சிலபஸ்லயே பாதி இருக்கிற கணக்கு இருக்கு. அது தெரியாமத்தான் மூணு வாரம் சண்டை போட்டோம்.

தெரிஞ்ச ஊரா, தெரியாத ஊரா

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு கடற்கரை இருக்கு. போனால் பத்துக்கு 6 மார்க் சந்தோஷம் நிச்சயம். இன்னொரு பக்கம், போகாத ஒரு ஊர். அது செமயா இருந்தா 9, சொதப்பிடுச்சுன்னா 2. ரெண்டுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒருமுறை போயிட்டு வந்தால் அது 9-ஆ 2-ஆ என்று தெரிந்துவிடும்.

ஒரே ஒரு பயணம்தான் என்றால் விடை சுலபம். புது ஊரின் சராசரி 5.5. கடற்கரை 6. கடற்கரைக்குப் போங்க.

ரெண்டு பயணம் இருந்தால்? ரெண்டு தடவையும் கடற்கரை என்றால் 12. முதல்ல புது ஊருக்குப் போறோம்னு வைங்க. அது 9 என்றால் மறுபடியும் அங்கேயே போகலாம், மொத்தம் 18. அது 2 என்றால் அடுத்த தடவை ஒழுங்கா கடற்கரைக்கு வந்துடலாம், மொத்தம் 8. சராசரி 13. கடற்கரையை ஜெயிச்சாச்சு. முதல்ல கடற்கரை, அப்புறம் புது ஊர்னு வரிசையை மாத்தினால் 11.5தான். போற ஊர்கள் அதேதான், வரிசை மட்டும்தான் வேற. தெரிஞ்சுக்கிட்ட விஷயத்தைப் பயன்படுத்த பின்னாடி வாய்ப்பு இருந்தாத்தான் தெரிஞ்சுக்கிறதுக்கு மதிப்பு.

'என்' தடவை போகலாம் என்று பொதுவாகப் போட்டால், முதலில் தேடிப் பார்ப்பவனுக்கு 7.5 × என் − 2. கடற்கரையிலேயே இருப்பவனுக்கு 6 × என். அந்த 2 தான் தேடலுக்கு நாம் கட்டும் கட்டணம். ஒரே பயணத்தில் அந்தக் கட்டணம் தலையில் இடிக்கிறது. ஆறு பயணம் என்றால் 43-க்கு 36.

கணினித் துறைக்காரர்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்கில் வரும் 'மல்டி-ஆர்ம்டு பேண்டிட்' கணக்கின் குழந்தை வடிவம் இது. சூதாட்ட எந்திரத்துக்கு ஆங்கிலத்தில் 'ஒற்றைக் கைக் கொள்ளைக்காரன்' என்று பட்டப்பெயர். பல எந்திரங்கள் இருந்தால் எதன் கையை எத்தனை முறை இழுப்பது என்பதுதான் கேள்வி. 1933-இல் தாம்சன் என்பவர் இதை ரெண்டு மருத்துவச் சிகிச்சைகளை வைத்து யோசித்தார்: எந்த மருந்து நல்லது என்று தெரிந்துகொள்ள நோயாளிகளிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும், ஆனால் மட்டமான மருந்து யாருக்கோ போய்ச் சேருகிறதே! 1952-இல் ராபின்ஸ் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ரெண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டு விஞ்ஞானிகள் இந்தக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டதாகவும், இதை அப்படியே ஜெர்மனி மேல போட்டுட்டா அவங்க விஞ்ஞானிகளும் வேலையைக் கெடுத்துக்குவாங்கன்னு ஒரு யோசனை வந்ததாகவும் கணித அறிஞர் பீட்டர் விட்டில் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். எங்க வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்திருந்தால் அவர் நம்பியிருப்பார்.

2002-இல் வந்த யு.சி.பி. என்ற முறை இன்னும் சுவாரசியம். ஒவ்வொரு ஊருக்கும் இதுவரை கிடைத்த சராசரியோடு, 'இன்னும் சரியாத் தெரியலையே' என்பதற்காக ஒரு போனஸ் சேர்ப்பார்கள். போனஸ் என்பது, மொத்தப் பயணங்களின் லாகரிதத்தை இரண்டால் பெருக்கி, அந்த ஊருக்குப் போன எண்ணிக்கையால் வகுத்து எடுக்கும் வர்க்கமூலம். பத்துப் பயணத்தில் 8 தடவை கடற்கரை, சராசரி 0.7. மலைக்கு 2 தடவை, சராசரி 0.5. போட்டுப் பாருங்க: கடற்கரைக்கு 0.7 + 0.76 = 1.46. மலைக்கு 0.5 + 1.52 = 2.02. அடுத்த தடவை மலைக்குப் போ என்கிறது முறை. மலை நல்ல இடம் என்பதற்காக அல்ல. ரெண்டே தடவை பார்த்துட்டு முடிவு கட்டாதே என்பதற்காக.

இதை எடுத்துக்கிட்டுத்தான் நான் குரூப்புல குதிச்சேன். "கணக்கே சொல்லுது, ஹம்பிதான்" என்றேன். உடனே ஒருத்தி கேட்டாள்: "நமக்கு இன்னும் எத்தனை ஐ.வி. இருக்கு?" ஒண்ணுதான். என் ஒன்று. 5.5-க்கு 6. என் கணக்கே என்னைக் கவுத்திடுச்சு.

சும்மா படுக்கிறது சோம்பேறித்தனமா?

இன்னொரு பக்கத்துக்கும் நியாயம் பேசணும். கடற்கரைக்காரர்களை நாங்க 'ஆர்வமே இல்லாத பசங்க'ன்னு எழுதித் தள்ளினோம். தப்பு.

2007-இல் சொன்னென்டாக், ஃப்ரிட்ஸ் என்ற ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள், வேலையின் களைப்பிலிருந்து மனிதர்கள் மீள்வதற்கு நாலு வகை அனுபவங்களைப் பிரித்தார்கள். வேலையை மனசிலிருந்து கழற்றி வைப்பது ஒன்று. உடம்பும் மனசும் தளர்ந்து ஓய்வது ஒன்று. வேலைக்குச் சம்பந்தமில்லாத புதுசு ஒன்றைக் கற்றுத் தேர்வது மூன்றாவது. நம்ம நேரம் நம்ம கையில இருக்குங்கிற உணர்வு நாலாவது. மணலில் படுக்கிறவன் ரெண்டாவதைத் தேடுகிறான், ஊர் சுத்துறவன் மூணாவதை. ரெண்டும் மீட்சிதான். எது குறையுதோ அதைத்தான் மனசு கேட்கும். கோவாவுக்குக் கை தூக்கின 19 பேரில் பாதிக்கு மேல் டே ஸ்காலர்கள். காலை அஞ்சரைக்கு எழுந்து ரெண்டு பஸ் மாறி வர்றவங்க. ஹம்பிக்கு நின்றவர்களில் நிறைய பேர் என்னை மாதிரி ஹாஸ்டல். நாலு சுவரையும் மெஸ் சாம்பாரையும் பார்த்துப் பார்த்துச் சலிச்சவங்க. இதை நாங்க சண்டை நடந்தப்போ கவனிக்கவே இல்லை.

நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. விடுமுறைக்குப் போறவங்க போறதுக்கு முன்னாடியே மற்றவர்களைவிட சந்தோஷமாக இருந்தார்கள். டிக்கெட் எடுத்த நாளிலிருந்தே குஷி. ஆனால் திரும்பி வந்த பிறகு, போகாதவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் வந்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தது: 'ரொம்ப ஓய்வா இருந்தது' என்று சொன்னவர்களுக்கு. கடற்கரை கோஷ்டி இதைக் கட்டிப்பிடிச்சுக்கலாம்.

நான் கோவாவுக்குப் போனேன். முதல் நாள் முறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ரெண்டாம் நாள் மதியம் ஒரு தென்னை நிழலில் மூணு மணி நேரம் தூங்கினேன். அந்த செமஸ்டர்ல அப்படித் தூங்கினது அதுதான் முதல் தடவை, மறைக்க விரும்பலை. வருத்தம் வேற விஷயத்தில். பழைய கோவாவின் தேவாலயங்கள் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது 1986-இல். ஹம்பி ஏறியதும் அதே 1986-இல். எந்த மாதிரி இடத்துக்காக மூணு வாரம் சண்டை போட்டோமோ, அதே பட்டியலில் உள்ள இடம் பக்கத்திலேயே இருந்தது. 'கோவான்னா பீச்'னு முடிவு பண்ணிட்டதால யாருமே போகலை. நானும் ரோஷத்துல கேட்கலை.

அந்த 19, 16, 10

திரும்பி வந்த பிறகு, கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு ஒரு வேலை செய்தேன். ஒவ்வொருத்தரிடமும் "உனக்கு முதல் எது, ரெண்டாவது எது, மூணாவது எது?" என்று கேட்டு எழுதினேன். கணக்குப் புரிய லேசா உருட்டித் திரட்டியிருக்கேன். ஆனால் உருவம் இதுதான்.

கோவா கேட்ட 19 பேருக்கு ரெண்டாவது கொடைக்கானல், கடைசி ஹம்பி. ஹம்பி கேட்ட 16 பேருக்கு ரெண்டாவது கொடைக்கானல், கடைசி கோவா. கொடைக்கானல் கேட்ட 10 பேருக்கு ரெண்டாவது ஹம்பி, கடைசி கோவா.

இப்போ பாருங்க. யாருக்கு அதிகக் கை என்று மட்டும் பார்த்தால் கோவா. ஆனால் 45 பேரில் 26 பேருக்கு கோவாதான் கடைசி! கடைசியாக வந்த ஊரை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டு எடுத்தால், கொடைக்கானலின் 10 ஓட்டும் ஹம்பிக்கு வரும். ஹம்பி 26, கோவா 19. ஹம்பி ஜெயிக்கும். முதலிடத்துக்கு 2, ரெண்டாம் இடத்துக்கு 1, மூணாவதுக்கு 0 என்று மார்க் போட்டால் கோவா 38, ஹம்பி 42, கொடைக்கானல் 55. கொடைக்கானல் ஜெயிக்கும். அதே 45 பேர், அதே விருப்பம். எண்ணுகிற முறையை மாத்த மாத்த மூணு ஊரும் ஜெயிக்குது.

மார்க் போடும் முறைக்கு போர்டா என்ற பிரெஞ்சுக்காரர் பெயர். கணிதம் தெரிந்த கடற்படைக்காரர். அவர் காலத்தவரான கோண்டோர்செட் 1785-இல் வேற ஒரு கேள்வி கேட்டார்: ரெண்டு ரெண்டாக மோதவிட்டால் எல்லாரையும் ஜெயிப்பது எது? எங்கள் கணக்கில் கொடைக்கானல்: கோவாவை 26-க்கு 19, ஹம்பியை 29-க்கு 16. கை தூக்கியபோது கடைசியாக வந்த ஊர்! சில சமயம் அப்படி ஒரு ஊரே இருக்காது, அ-வை ஆ ஜெயிக்க, ஆ-வை இ ஜெயிக்க, இ-யை மறுபடி அ ஜெயிக்க என்று வட்டம் சுத்தும் என்பதையும் அவரே காட்டினார். மூன்றோ அதற்கு மேலோ தேர்வுகள் இருந்தால், நியாயமான சில நிபந்தனைகள் அத்தனையையும் ஒருசேர நிறைவேற்றும் வரிசைப்படுத்தும் முறை கிடையாது என்று கென்னத் ஆரோ 1951-இல் நிரூபித்தார். அதனால் 'சரியான ஓட்டு முறை எது'ன்னு என்னைக் கேட்காதீங்க. வெறும் கை தூக்கல் மட்டும் வேண்டாம்னு சொல்வேன்.

வரிசையிலும் ஒரு ஓட்டை இருக்கு. எது முதல், எது கடைசி என்று அது சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. 'கோவா பிடிக்கலை'யும் 'கோவாவுக்கு என்னால வரவே முடியாது'யும் அந்தத் தாளில் ஒரே மாதிரி 3 என்றுதான் இருக்கும்.

அந்தப் பத்து பேர்

கொடைக்கானலுக்குக் கை தூக்கியவர்களில் ஆறு பேர் ஐ.வி.க்கு வரவில்லை. "உடம்பு சரியில்லை", "வீட்ல விசேஷம்". நாங்களும் நம்பினோம், அல்லது நம்பின மாதிரி இருந்தோம். அவர்களில் ஒருவன் என் ஹாஸ்டல் ரூம்மேட். நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் கிராமம். நான் தாளோடு போய்க் கேட்டப்போதான் சொன்னான்.

"கொடைக்கானல் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்டா. அது புரட்டியிருப்பேன். நாலாயிரம் கேட்டா அப்பா குடுத்திருப்பாரு, அதான் கேட்கலை."

"அப்போவே குரூப்புல சொல்லியிருக்கலாமேடா?"

"குரூப்புல என்ன பேசிட்டு இருந்தீங்க? மணலா, கல்லான்னு. அதுல நான் எங்க வந்து இதைச் சொல்றது?"

பதில் இல்லை என்னிடம். கொஞ்ச நேரம் கழிச்சு அவனே சிரிச்சான். "அதுவும் இல்லாம பீச்சுல சும்மா படுக்கறதுக்குக் காசா? எங்க அப்பா அங்க சும்மா உட்கார்ந்திருக்காருன்னா போட்டு கடலுக்குப் போகலைன்னு அர்த்தம். எனக்கு அதைப் பார்த்தா ஓய்வு வராதுடா, வயித்தைக் கலக்கும்."

ஆப்டிமைசேஷன் பேப்பர் எழுதி நல்ல மார்க் வாங்கினவங்க நாங்க எல்லாரும். முதல்ல கட்டுப்பாடுகளை எழுது, அப்புறம் எதை அதிகப்படுத்தணும்னு பாருன்னு தானே அதில் சொல்லிக்குடுத்தாங்க? நாங்க கட்டுப்பாட்டையே எழுதாமல் மூணு வாரம் இலக்கை மட்டும் வைத்துச் சண்டை போட்டோம். போர்டுல மூணு ஊருக்குப் பக்கத்தில் மூணு தொகை எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் எல்லார் முன்னாடியும் கை தூக்கி 'எனக்கு வசதி இல்லை'ன்னு யார் சொல்வாங்க?

அதனால் ஜூனியர்களே, பேர் இல்லாத சீட்டு குடுங்க. முதல் கேள்வி ஊர் இல்லை: 'எவ்வளவுக்கு மேல போனா உன்னால வர முடியாது?' அதில் வருகிற மிகக் குறைந்த தொகைதான் கோடு. அதைத் தாண்டுகிற ஊர் பட்டியலிலேயே வரக்கூடாது. அதுக்கப்புறம் வரிசை கேளுங்க.

இதில் 'ரெண்டையும் சேர்த்துட்டா?' என்று யாராவது வருவார்கள். எங்களிலும் ஒருத்தன் வந்தான். ஹொஸப்பேட்டையிலிருந்து ஹூப்ளி, லோண்டா, காசில்ராக், தூத்சாகர் வழியா கோவாவுக்கு ரயில் பாதை இருக்கு. ஹம்பி ரெண்டு நாள், கோவா ரெண்டு நாள். மெக்கானிக்கல்காரனுக்கு அந்த மலைப்பாதையே ஒரு பாடம். 37 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு, பின்னாலிருந்து கூடுதல் இன்ஜின் தள்ள வேண்டும். போற வழியில் துங்கபத்ரா அணை. 33 மதகுகளில் 19-ஆவதன் சங்கிலி 2024 ஆகஸ்ட்டில் அறுந்து மதகே அடித்துச் செல்லப்பட்டதே, அதே அணை. அருமையான திட்டம், மணல்-கல் சண்டையை அழகாகத் தீர்க்கும். ஆனால் செலவு ஐயாயிரத்தைத் தாண்டும், வராதவங்க ஆறு பேர் பத்து பேர் ஆகியிருப்பாங்க.

என் எத்தனை?

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் என் முதல் கணக்கில் ஒரு தப்பு பிடிபட்டது. 'ஒரே பயணம், அதனால் என் ஒன்று' என்று ஒத்துக்கிட்டேன் இல்லையா? என் என்பது பயணங்களின் எண்ணிக்கை இல்லை, முடிவு மாத்திக்கக் கிடைக்கிற வாய்ப்புகளின் எண்ணிக்கை. ஹம்பிக்கு டிக்கெட் போட்டுட்டா, பிடிக்கலைன்னா கடற்கரைக்கு ஓட முடியாது. அங்கே என் ஒன்றுதான். ஆனால் பார்க்க வேண்டியதும் படுக்க வேண்டியதும் நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஊர் என்றால், ரெண்டு நாளை நாலு அரை நாளாக வெட்டலாம். முதல் அரை நாள் சுத்திப் பார்ப்பது. பிடிச்சா தொடர்வது, பிடிக்கலைன்னா மணலுக்கு வந்துவிடுவது. என் நாலு: 28-க்கு 24. 45 பேரும் ஒரே முடிவு எடுக்க வேண்டிய அவசியமும் போய்விடுகிறது. ஆளாளுக்குத் தன் கணக்கு.

நாங்கள் இறுதி ஆண்டுப் பயணத்துக்கு இப்போது எடுத்திருக்கும் ஊர் தரங்கம்பாடி. சீட்டில் வந்த மிகக் குறைந்த தொகை 1,200 ரூபாய், அதுக்குள்ள அடங்குது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கியது இங்கேதான். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானதும் இந்த ஊரில்தான். 1845-இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். கடல் அரிப்பில் முன்பகுதியை இழந்த மாசிலாமணி நாதர் கோயிலைப் பார்க்க சிவில் பசங்க ஏற்கெனவே குறிப்பேடு எடுத்து வச்சிருக்காங்க. கோட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் மணல். படுக்கிறவங்க படுக்கலாம்.

வரிசை கேட்ட சீட்டில் ஒருத்தர் மட்டும் மூணாவது இடத்தைக் காலியாக விட்டிருந்தார். பேர் இல்லாத சீட்டுதான், ஆனா கையெழுத்து எனக்குத் தெரியும். அவனிடம் "உனக்கு அது பக்கத்து ஊருதானே, இதுல புதுசா என்ன இருக்கு, போரடிக்காதா?" என்று கேட்டேன்.

"கோட்டைக்குள்ள நான் இதுவரைக்கும் போனதே இல்லைடா" என்றான். "ஆனா தேதியை ஏப்ரல் 15-க்கு முன்னாடி வைங்க. அதுக்கப்புறம் 61 நாள் தடைக்காலம், பெரிய போட்டெல்லாம் கரையில நிக்கும். எங்க வீட்ல மீன் குழம்பு சாப்பிடாம உங்களைத் திருப்பி அனுப்பினா அம்மா என்னைச் சும்மா விடாது."